பக்கத்துக் காம்பராவிலிருந்து வந்த பச்சை நூல்

நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், எங்கள் லயத்தின் வீட்டு வரிசையில் கடைசி இரண்டு காம்பராக்களில் ஒன்று என்னுடையது, மற்றது அவளுடையது. அவள் கொழுந்து பறிப்பவள், என்னைவிடப் பத்து வயது இளையவள். நான் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறேன். ஹல்துமுல்லையில் கட்டிக்கொடுத்திருந்த என் மகளுக்கு அப்போது ஏழாம் மாதம். பிறக்கப்போகும் பிள்ளைக்கு ஸ்வெட்டர் பின்ன நல்ல நூலாகத் தேடிக்கொண்டிருந்தேன். அதைக் கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்துக் காம்பராக்காரி நான்கு உருண்டை நூலைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். கரும்பச்சை.

"பிள்ளைக்குப் பின்னுங்கக்கா. சும்மாதான் கெடக்கு" என்றாள். ஏது என்று நான் கேட்பதற்குள் போய்விட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. முந்தின வருடம் எனக்கென்று நான் பின்னிய கரும்பச்சை ஸ்வெட்டர் கொடியிலிருந்து காணாமல் போயிருந்தது. நூல் பதுளையில் வாங்கியது. கடைசிக் கைக்குப் போதாமல் மறுபடி போய் ஒரு உருண்டை வாங்கினேன். ஒரே தடவையில் சாயம் போட்ட நூலுக்கு லேபலில் ஒரே இலக்கம் இருக்கும். அவசரத்தில் அதைப் பார்க்கவில்லை. ஸ்வெட்டரின் இடது கை மட்டும் கொஞ்சம் கறுத்துப்போனது. அது தொலைந்த அன்று லயத்தில் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். காய்ச்சல் என்று காலைப் பெரட்டில் பேர் கொடுக்கப் போகாமல் இருந்தவள் அவள் ஒருத்திதான். நான் அப்போது எதுவும் கேட்கவில்லை. ஆனால் மறக்கவுமில்லை.

உருண்டைகளைப் பிரித்துப் பார்த்தேன். கடை நூல் நேராக ஓடும். இது நெளிநெளியாக வந்தது. பின்னியிருந்த எதையோ பிரித்த நூல். என்னிடம் மிச்சமிருந்த பழைய பச்சையை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். பல்ப் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. காலையில் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தால் இவளுடையது சற்று நீலம் ஓடியதுபோல இருந்தது. துவைத்துத் துவைத்து மாறியிருக்கலாம் என்று நானே சமாதானம் சொன்னேன். கறுத்த கையின் நூல் எங்கே என்று நான்கு உருண்டையையும் கடைசி வரை சுற்றிப் பார்த்தேன். இல்லை. அந்தக் கையை மட்டும் ஒளித்துவிட்டாள் என்று நினைத்தேன்.

பிறகு அடுப்பில் ஒரு சோதனை செய்தேன். என்னுடையது அக்ரிலிக். அதன் நுனியைத் தணலில் காட்டியதும் உருகி, கறுப்பு மணியாக உருண்டது. அவள் கொடுத்ததைக் காட்டினேன். மயிர் கருகும் வாடை வந்தது. விரலால் தொட்டதும் சாம்பல் பொடியாக உதிர்ந்தது. அசல் ஆட்டுக் கம்பளி.

அப்படியானால் அது என் ஸ்வெட்டர் இல்லை. அதோடு நான் நிம்மதியாகியிருக்க வேண்டும். ஆனால் பதுளையில் நான் போகிற எந்தக் கடையிலும் அசல் கம்பளி நூலைக் கண்டதில்லை. இவளுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? தோட்டத்துத் துரையின் பங்களாவிலிருந்து எடுத்ததா? அதை என் பேரப்பிள்ளைக்குப் போட்டு நாளைக்கு யாராவது அடையாளம் கண்டால்?

அன்று பொழுது சாய, அவள் விறகு அடுக்கிக்கொண்டிருந்த இடத்துக்கே போனேன்.

"எதப் பிரிச்ச நூலு இது?"

"நல்ல நூலுதானேக்கா."

"எதப் பிரிச்சன்னு கேட்டேன்."

கையிலிருந்த விறகைக் கீழே வைத்தாள். "வேற தோட்டத்துல இருந்த எங்க மாமியார் போட்டிருந்தது. அந்தக் காலத்துல பங்களா அம்மா குடுத்ததாம். அவங்க செத்ததும் துணியெல்லாம் எரிச்சிட்டோம். இத எரிக்க மனசு வரல. கொடியில பாத்துக்கிட்டு இருக்கவும் முடியல. செத்தவங்க உடுப்புன்னு சொன்னா நீங்க வாங்க மாட்டீங்க. அதான் சொல்லல. மூணு தரம் அலசிட்டுத்தான் குடுத்தேன்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"காணாமப் போன ஒங்க ஸ்வெட்டருன்னு நெனச்சீங்க, இல்லையாக்கா?"

"ஆமா" என்றேன். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

அவள் மறுபடி விறகை எடுத்து அடுக்கத் தொடங்கினாள். மூன்று வாரம் என் வாசல் பக்கம் வரவில்லை. குழாயடியில் கண்டால் குடத்தோடு தள்ளி நின்றாள்.

மகளுக்குப் போன் எடுத்து ஒன்றுவிடாமல் சொன்னேன். வேண்டாம் என்பாள் என்றுதான் எதிர்பார்த்தேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

"குத்துமாம்மா?"

நூலைக் கழுத்தில் தேய்த்துப் பார்த்தேன். "குத்தல."

"அப்ப பின்னுங்க. ஆனா முழுக்க பச்சையா வேணாம், இருட்டா இருக்கும்."

அந்தப் பச்சையோடு சேர ஒரு நிறம் வேண்டியிருந்தது. வெள்ளை என்றால் அடுப்புப் புகையில் நிற்காது. மஞ்சள் கண்ணைக் குத்தும். பாலாடை நிறம் சரியாக வரும் என்று தோன்றியது, ஆனாலும் தீர்மானிக்க முடியவில்லை. பதுளைக்குப் போகிற நாளில் பக்கத்துக் காம்பராக் கதவைத் தட்டி, "நிறம் பாக்கணும், வர்றியா?" என்று கேட்டேன். அவள் சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள்.

கடையில் பாலாடை நிறத்திலேயே ஐந்தாறு வகை இருந்தது. அவள் ஒவ்வொன்றாகக் கன்னத்தில் வைத்துப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு லேபலாகத் திருப்பி இலக்கத்தை ஒத்துப் பார்த்தேன். ஒரு உருண்டையின் இலக்கம் மாறியிருந்தது. அதைத் திருப்பிக் கொடுத்தேன்.

"நூலக்கூட நம்ப மாட்டீங்க போல" என்றாள் அவள். சிரிக்கிறாளா என்று திரும்பிப் பார்த்தேன். அவள் ஜன்னலோரம் போய், பச்சையையும் பாலாடையையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.