விரல் நறுக்கிய சேவல்கள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் ஆரம்பம். ரப்பர் விலை அதல பாதாளத்துக்குப் போய், வேலை இழந்தவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம். நாங்கள் அப்போது மலாய் நாட்டில், சாலாக் செலாத்தான் என்ற ஊரில், அத்தாப்பு ஓலை வேய்ந்த ஒரு பலகை வீட்டில் வாடகைக்குக் குடியிருந்தோம். தண்டவாளம் போடும் கூட்டத்தில் வேலை பார்த்த என் வீட்டுக்காரரைப் பொங்கல் முடிந்த கையோடு நிறுத்திவிட்டார்கள். ஊருக்குத் திரும்புகிறவர்களுக்குக் கப்பல் டிக்கெட் இலவசம், பேர் கொடுத்தால் போதும் என்றார்கள்.

அவர் பேர் கொடுக்கத் தயாராக இருந்தார். எனக்குத்தான் மனசு வரவில்லை. ஊரில் எங்களுக்கு வீடும் இல்லை, நிலமும் இல்லை. இங்கே என் மகள் மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். அங்கே போனால் அவளும் என்னைப் போலக் களையெடுக்கத்தான் போக வேண்டும். அதனால் ஆடி மாதம் வரை தவணை கேட்டேன். ஆடி முடிவதற்குள் என் கோழிகள் வாடகைக்கும் அரிசிக்கும் வழி செய்தால் இருப்பது, இல்லாவிட்டால் கப்பல்.

"கோழி வளத்துக் குடும்பம் நடத்துன ஆளு எவனாச்சும் உண்டா, புள்ள?" என்று கேட்டார்.

எனக்கும் தெரியாது. ஆனால் தெரிந்துகொண்டே ஆக வேண்டும் என்று ஒரு அரிப்பு பிடித்துக்கொண்டது. என்னிடம் இருந்தது மூன்று பெட்டைக் கோழிகள். பக்கத்துக் கம்பத்தில், அதாவது மலாய்க்காரர் கிராமத்தில், சேவலோடு திரிந்த கோழிகளின் முட்டையாகப் பார்த்து வாங்கிச் சேர்த்து, கோழிக்குப் பதினொன்று என்று ஒற்றைப்படையில் அடை வைத்தேன். ஒரு கோழிக்கு வைக்கோல், ஒன்றுக்கு மரத்தூள், ஒன்றுக்கு மணல். எது நன்றாகப் பொரிக்கிறது என்று பார்க்கத்தான். மணலில் வைத்ததுதான் ஜெயித்தது. ஏன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

தீனிக்குக் காசு செலவழித்தால் லாபம் எங்கிருந்து வரும்? பழைய மண்கலயத்தில் காய்ந்த சாணியையும் தேங்காய் மட்டையையும் நனைத்துத் திணித்து, கறையான் இருக்கும் இடத்தில் கவிழ்த்து வைப்பேன். காலையில் திறந்தால் உள்ளே கறையான் அப்பிக் கிடக்கும். அதைத் தட்டிவிட்டால் குஞ்சுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி விழுந்து பொறுக்கும். மற்ற வேலையெல்லாம் அப்படியே கிடக்க, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மரநாய் கொஞ்சம், உடும்பு கொஞ்சம் என்று கொண்டுபோனது போக, பத்தொன்பது குஞ்சுகள் தேறின. அதில் பதினொன்று சேவல்.

சேவல்கள்தான் என் கணக்கில் கப்பலுக்கு எதிரி. பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ரயில் பாதை ஓரத்தில் ஒரு முனியாண்டி கோயில் இருந்தது. ஆடி ஞாயிற்றுக்கிழமைகளில் கிள்ளான், கேரி தீவுத் தோட்டங்களிலிருந்துகூடச் சனங்கள் நேர்த்திக்கடன் செலுத்த வருவார்கள். கறிக்கு விற்கிற சேவலுக்கு ஒரு விலை, சாமிக்கு விடுகிற சேவலுக்கு இரண்டு மடங்கு விலை. அதை நம்பித்தான் தவணையே கேட்டிருந்தேன்.

இதற்கு நடுவில் ஒரு சங்கடம். எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் கீரைப் பாத்தி போட்டிருந்த சீனத்தம்மா ஒருத்தியும் கோழி வளர்த்தாள். அவள் கோழியும் என் கோழியும் ஒன்றாகத்தான் மேயும். ஒரு நாள் என் புள்ளிப் பெட்டையைக் காணவில்லை. நேராக அவள் வாசலில் போய் நின்று, எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டுவிட்டேன். அவள் தன் கூண்டைத் திறந்து காட்டினாள். கோழி அங்கே இல்லை. தின்றிருப்பாள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்றைக்கே கத்தரிக்கோலை எடுத்து, ஒரு குஞ்சு பாக்கியில்லாமல் இடது காலில் ஒரு விரல் நுனியை நறுக்கி, மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்தேன். எங்கள் பக்கத்தில் கோழிக்கு அப்படித்தான் அடையாளம் வைப்போம். காலைத் தூக்கிப் பார்த்தால் யார் வீட்டுக் கோழி என்று தெரிந்துவிடும். சீனத்தம்மா வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அய்யோ தங்காச்சி, சாயாங்லா!" என்றாள். அருமையான பொருளைப் பாழாக்குகிறாயே என்று அர்த்தம். திருட முடியாமல் போய்விட்டதே என்ற வயிற்றெரிச்சல் என்று நினைத்து, இன்னும் பலமாக நறுக்கினேன்.

மூன்று வாரம் கழித்துப் புள்ளிப் பெட்டை வாழைத்தோப்பின் புதருக்குள்ளிருந்து எட்டுக் குஞ்சுகளோடு கம்பீரமாக வெளியே வந்தது. தானே முட்டையிட்டு, தானே அடை காத்திருக்கிறது. சீனத்தம்மாவும் அதைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குள் போய்விட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஆடியின் கடைசிக்கு முந்திய ஞாயிறு. முந்திய வாரங்களில் விற்காமல் இன்னும் கொஞ்சம் எடை ஏறட்டும் என்று பேராசையில் வைத்திருந்தேன். விடியற்காலை என் வீட்டுக்காரர் தோளில் தடி போட்டு இரண்டு பக்கமும் கூடை தொங்கவிட, பிரிக்பீல்ட்ஸுக்கு நடந்தோம். கோயிலுக்குப் போகும் வழியில் கடை விரித்தேன். சிவப்புச் சேவல்கள், கொண்டை நிமிர்ந்து, பார்க்கிறவர்கள் நின்று பார்க்கும்படி இருந்தன.

தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு வந்த ஒரு பெரியவர் முதல் சேவலைக் கையில் எடுத்தார். கொண்டையைத் தடவினார், இறக்கையை விரித்தார், வால் பார்த்தார். அப்புறம் காலைத் திருப்பி விரல்களை எண்ணினார்.

"என்ன தங்கச்சி, வெரல் கொறையுதே?"

"அடையாளத்துக்கு வெட்டுனதுண்ணே. மத்தபடி நோய் நொடி ஒண்ணும் இல்ல."

"அது சரி, ஊனமான சேவல சாமிக்கு எப்பிடிம்மா குடுக்கிறது?" கோபமே இல்லாமல் கூடையில் திரும்ப வைத்துவிட்டுப் போனார்.

அப்போதுதான் என் தலையில் இடி இறங்கியது. இது எனக்குத் தெரியாத சங்கதியா? சின்ன வயசிலிருந்து தெரியும். சாமிக்கு விடுகிற உயிருக்கு உடம்பில் ஒரு குறையும் இருக்கக் கூடாது. அடுத்த வீட்டுக்காரி மேல் இருந்த கோபத்தில், யாருக்காகச் சேவல் வளர்த்தேன் என்பதையே மறந்து தொலைத்திருக்கிறேன். இரண்டாவது ஆள் எண்ணினார், மூன்றாவது ஆள் எண்ணினார். ஒரு சீனரும் வந்தார். அவர்களுக்கும் அது ஆவிகளுக்குப் படைக்கிற மாதம். அவரும் காலைத்தான் பார்த்தார். மத்தியானத்துக்குள் பதினொன்றில் ஒன்றுகூடப் போகவில்லை. கறி விலைக்குக் கொடுத்தால் வாடகைக்குக்கூடக் காணாது.

திரும்பி நடக்கும்போது என் வீட்டுக்காரர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. வீடு நெருங்கும்போது மட்டும், "நாளைக்கு ஆபீசுல போயி பேர் குடுத்துட்டு வந்துடறேன் புள்ள" என்றார்.

பொழுது சாய்ந்துவிட்டது. கூடைகளை இறக்கிவைத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்து அழுதேன். சீனத்தம்மா கீரைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவள் வந்து கூடைக்குள் பார்த்தாள். ஒரு சேவலை எடுத்துக் காலைத் திருப்பிப் பார்த்தாள். விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். சந்தோஷப்படப் போயிருக்கிறாள் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். அவ்வளவு புத்தி எனக்கு.

திரும்பி வந்தபோது அவள் இரண்டு கைகளிலும் சேவல்கள் தலைகீழாகத் தொங்கின. வேலியோரத்தில் போட்டாள், மறுபடி போனாள், மறுபடி கொண்டுவந்தாள். என் சேவலில் ஒன்றைத் தூக்கிப் பார்த்து, அதே எடைக்குத் தன் சேவலில் ஒன்றை எடுத்து என் கூடையில் போட்டாள். பதினொன்றுக்குப் பதினொன்று. அவளுடைய கோழிகளெல்லாம் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போகிறவை. அங்கே துண்டு துண்டாக வெட்டித்தான் சமைப்பார்கள், விரலை யார் எண்ணப் போகிறார்கள்?

உன்னைக் கள்ளி என்று சொன்னேனே, எனக்கு எதற்குச் செய்கிறாய் என்று தட்டுத் தடுமாறிக் கேட்டேன்.

"ஆயாம் லூ, ஆயாம் குவா, சாமா மாக்கான்லா" என்றாள், கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே. உன் கோழியும் என் கோழியும் ஒரே மண்ணில்தானே பொறுக்கித் தின்றன என்று அதற்கு அர்த்தம். மிச்சமிருந்த கீரைக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டாள்.

என் வீட்டுக்காரர் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, ஒரு வாரம் போவட்டும்" என்றார். மறு ஞாயிறு அந்தச் சேவல்கள் உச்சிப்பொழுதுக்கு முன்பே தீர்ந்துவிட்டன. விரல்களை எண்ணியவர்கள் எல்லோரும் திருப்தியாக வாங்கிப் போனார்கள். வாடகை கொடுத்தோம், அரிசி வாங்கினோம், பேர் கொடுக்கும் பேச்சு அதோடு நின்றது. கப்பல் எங்களை ஏற்றாமலே போனது. என் மகள் அந்தப் பள்ளிக்கூடத்திலேயே படித்து முடித்தாள்.

சேவல்கள் விற்றதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் வேலியில் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு நானே கம்புகளைப் பிடுங்கிவிட்டேன். மன்னிப்புக் கேட்க மலாயில் எனக்கு வார்த்தை போதவில்லை. கறையான் கலயம் வைப்பது எப்படி என்று அவளுக்குக் காட்டிக்கொடுத்தேன், அவள் அதைத் திறந்து பார்த்துச் சிறு பிள்ளை மாதிரி கைதட்டினாள்.

வீட்டில் நாலு கோழி வளர்த்தால் லாபம் வருமா என்று இன்றும் பெண்கள் என்னிடம் கேட்கிறார்கள். வரும், எனக்கு வந்தது என்று சொல்கிறேன். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பவள் கள்ளி என்று நான் வைத்த அடையாளம்தான் என்னை முழுகடிக்கப் பார்த்தது என்பதையும், அந்த நஷ்டத்தை அவளேதான் தன் கையால் தூக்கி எடுத்துக்கொண்டு போனாள் என்பதையும் சொல்லாமல் ஒரு நாளும் அந்தக் கேள்விக்குப் பதிலை முடித்ததில்லை.