ஒன்பதாம் வீட்டுச் சுவர்

இதை நம்பச் சொல்லி நான் யாரையும் கெஞ்சப் போவதில்லை. பேய் பிசாசு என்றால் எனக்கும் ஒரு காலத்தில் சிரிப்புதான் வரும். 2008 அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு வரவில்லை. நடந்ததில் ஒரு நிமிஷத்தைக்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை. நேரமெல்லாம் எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தில் பார்த்தது.

அப்போது திருப்பூர் ராயபுரத்தில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். ஒரே வரிசையில் ஒன்பது வீடு, ஒவ்வொன்றும் ஒற்றை அறை. எங்களுடையது எட்டாவது. என் பெயர் ரோஸ்மேரி. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. என் வீட்டுக்காரர் அந்தோணிராஜுக்குச் சாயப்பட்டறையில் வேலை. சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம்.

அந்தத் தெரு எனக்கு அவ்வளவு பிடிக்கும். இறங்கி நடந்தால் பத்து நிமிஷத்தில் கம்பெனி. வழியில் மலையாளத்துக்காரர் பேக்கரி, ஒரிசாப் பையன்கள் சாப்பிடும் மெஸ், மாரியம்மன் கோயில், பள்ளிவாசல். ஒரு பக்கம் இந்தி, ஒரு பக்கம் எங்கள் ஊர் ‘ஏல’, இன்னொரு பக்கம் கொங்கு ‘ஏனுங்க’. சாயங்காலம் ஆறரைக்கு யார் தோளையும் இடிக்காமல் அந்த ரோட்டில் நடக்க முடியாது. இத்தனை சனத்துக்கு நடுவில் ஒருத்தருக்கு என்ன ஆகிவிடும் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

எங்கள் வரிசையில் ஒரு பழக்கம் உண்டு. குழாயில் தண்ணீர் எட்டு, ஒன்பது நாளுக்கு ஒரு தடவைதான் வரும். எப்போது வரும் என்று கடவுளுக்கே தெரியாது. குழாய் ஒன்பதாம் வீட்டை ஒட்டி இருந்ததால் அங்கே இருப்பவர்களுக்குத்தான் முதலில் சத்தம் கேட்கும். உடனே எங்கள் சுவரை மூன்று தடவை தட்டுவார்கள். நான் ஏழாம் வீட்டுச் சுவரைத் தட்டுவேன். அப்படியே ஒன்றாம் வீடு வரைக்கும் போகும். எந்த பாஷையும் தேவையில்லை. அப்புறம் குடங்களை வரிசையாக வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்போம். குடம் நின்றால் ஆளே நிற்கிற மாதிரி.

ஒன்பதாம் வீட்டில் மூன்று ஒரிசாப் பையன்கள். இரண்டு பேர் பூஜைக்கு ஊருக்குப் போய்விட்டார்கள். தீனபந்து மட்டும் இருந்தான். ஷிப்மெண்ட் நேரம், அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. நாங்கள் ‘தீனா’ என்று கூப்பிடுவோம். வயசு இருபது இருக்கும். தண்ணீர் வந்தால் முதலில் என் குடத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டுத்தான் தன்னுடையதைப் பிடிப்பான். நீலக் குடம். அடையாளத்துக்குக் கழுத்தில் சிவப்பு பனியன் வேஸ்ட் துணியைச் சுற்றி வைத்திருப்பான். கூடப் பிறந்த தம்பி இல்லாத குறையை அந்தப் பையன் தீர்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவனுக்குக் காய்ச்சல் வந்தது. மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். செவ்வாய் காலை 7.45-க்குக் கஞ்சி கொண்டுபோனால், சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். உடம்பு கொதித்தது. அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்க வேண்டும். லேட்டானால் சூப்பர்வைசர் கத்துவான் என்று பயந்தேன். அந்தப் பயத்தை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

“சாயங்காலம் வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். பகல்ல திருட்டுப் பயம், உள்ள தாப்பா போட்டுக்கோ. முடியலன்னா சுவத்தத் தட்டுல. அக்கா வந்துருவேன்.”

“சரி அக்கா,” என்று சிரித்தான்.

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் கிளம்பினேன்.

சாயங்காலம் 6.40. நேராக அவன் வீட்டுக்குத்தான் போனேன். கதவு சாத்தியிருந்தது. கூப்பிட்டேன், பதில் இல்லை. திரும்பிப் பார்த்தால் குழாயடியில் ஒரே ஒரு குடம்... நீலக் குடம். கழுத்தில் சிவப்புத் துணி. தொட்டேன். சில்லென்று ஈரமாக இருந்தது.

அப்பாடா என்று இருந்தது. குடம் வைக்கும் அளவுக்குத் தேறிவிட்டான், டீக்கடைக்கு நடந்து போயிருப்பான் என்று நினைத்துக்கொண்டு வந்து உலை வைத்தேன். ஒன்பது நாளாகச் சொட்டுத் தண்ணீர் வராத குழாயடியில் குடம் எப்படி நனைந்தது என்று எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

6.52. கரண்ட் போனது. அந்த வருஷம் அது தினசரிக் கூத்து. மெழுகுவர்த்தியை ஏற்றினேன்.

6.58.

டொக்... டொக்... டொக்.

ஒன்பதாம் வீட்டுச் சுவர். தீனா வந்துவிட்டான், தண்ணீரும் வந்துவிட்டது. நான் ஓடிப்போய் ஏழாம் வீட்டுச் சுவரைத் தட்டினேன். இரண்டே நிமிஷத்தில் வரிசை முழுக்கக் குடமும் மெழுகுவர்த்தியுமாகக் குழாயடிக்கு வந்துவிட்டது. திருகினால், உஸ்ஸ்... காற்று மட்டும். அப்புறம் அதுவும் நின்றது.

ஒன்றாம் வீட்டுச் சுப்பாத்தாளக்கா கேட்டார்: “ஏங் கண்ணு, ஆரு தட்டுனது?”

“தீனாதான்க்கா.”

“அந்தப் பையன் ஊட்டுக் கதவு சாத்தித்தான கெடக்குது?”

குழாயடியைப் பார்த்தேன். நீலக் குடம் அங்கே இல்லை.

“குடத்தையும் தூக்கிட்டுப் போயிட்டான்க்கா. நம்மள ஏமாத்திட்டு உள்ள இருந்து சிரிக்கான்.”

எல்லோரும் சிரித்துவிட்டுப் போனார்கள். நானும் சிரித்தேன்.

7.40. கரண்ட் இன்னும் வரவில்லை. சோறு வடிக்கிற நேரம்.

டொக்... ... டொக்...

மெதுவாக. எண்ணி எண்ணித் தட்டுகிற மாதிரி. எனக்கு ஆத்திரம் வந்தது. கையில் இருந்த இரும்புக் கரண்டியால் அந்தச் சுவரை மூன்று தடவை ஓங்கி அடித்தேன்.

டங். டங். டங்.

“சும்மா கிடல! அண்ணன் வரட்டும், ஆஸ்பத்திரிக்குப் போலாம்!”

சத்தம் நின்றது.

8.05.

டொக்...

இந்தத் தடவை கீழே. தரைக்கு ஒரு சாண் மேலே.

டொக்...

இன்னும் கீழே.

அப்புறம் தட்டும் சத்தம் இல்லை. எதையோ சுவரோடு தேய்த்து இழுக்கிற சத்தம். ஸ்ர்ர்ர்...

“தீனா?”

சுவரில் கை வைத்தேன். சில்லென்று... ஈரம். குடத்தில் என் விரலில் பட்ட அதே ஈரம்.

“ஏல... தீனா...”

மூச்சுச் சத்தம்கூட இல்லை.

8.11-க்கு என் வீட்டுக்காரர் வந்தார். அதே நிமிஷம் கரண்டும் வந்தது.

“ஏட்டி, ஏன் இப்படி நிக்க?”

சுவரைக் காட்டினேன். காய்ந்து கிடந்தது.

அவர் போய் ஒன்பதாம் வீட்டுக் கதவை இடித்துப் பார்த்தார். உள்ளே தாழ்ப்பாள். சுப்பாத்தாளக்கா வீட்டுக்காரர் அங்கமுத்து கடப்பாரையோடு ஓடி வந்தார். 8.20-க்குக் கதவு பெயர்ந்தது.

தீனா எங்கள் சுவரை ஒட்டித் தரையில் கிடந்தான்.

விரல் முட்டியெல்லாம் வெள்ளையாகச் சுண்ணாம்பு. அவன் பக்கத்துச் சுவரில் ஒரு உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு உதிர்ந்திருந்தது.

தலைமாட்டில் நீலக் குடம். எட்டிப் பார்த்தேன். சொட்டு ஈரமில்லாமல் காய்ந்து, உள்ளே தூசி.

அங்கமுத்து அவன் கையைத் தொட்டார். தொட்ட வேகத்தில் விட்டுவிட்டார்.

“வெறைச்சுப் போச்சுங்க... உசுரு போயி ரொம்ப நேரமாச்சுங்க.”

மதியம் ஒரு மணி வாக்கிலேயே உயிர் போயிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அந்த நேரத்தில் எங்கள் வரிசையில் மற்ற எட்டு வீடும் பூட்டிக் கிடக்கும். ஒரு ஆள் இருக்காது. தட்டு, வருகிறேன் என்று காலையில் சொன்னேனே, யார் காதில் விழும் என்று நான் யோசிக்கவே இல்லை. அத்தனை சனம் நடக்கிற ரோட்டுக்கு அவன் வாசலிலிருந்து எட்டடிதான்.

அப்படியென்றால் 6.58-க்குத் தட்டியது யார்? குழாயடியில் குடத்தை வைத்தது யார்? தெரியாது. ஏதோ மனப்பிரமை என்று சொல்லிக்கொண்டு இதைக்கூட ஒரு நாள் மறந்திருப்பேன்.

பதினோராம் நாள், ஊருக்குப் போயிருந்த ரஞ்சன் திரும்பி வந்தான். தீனாவோடு அதே அறையில் இருந்த பையன். திருப்பூரில் நாலு வருஷம் இருந்ததால் தமிழ் நன்றாகப் பேசுவான். எங்கள் வீட்டில் உட்கார்ந்து, குடித்த காலி எவர்சில்வர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அழுதான்.

“அன்னிக்கு மத்தியானம் 12.40-க்கு எனக்கு போன் பண்ணான் அக்கா. மூச்சு முட்டுதுன்னான். கதவத் திறந்து ரோட்டுக்குப் போ, யாராவது பாப்பாங்கன்னு சொன்னேன். போகலன்னுட்டான். ‘அக்கா பக்கத்து வீட்ல இருக்காங்க. நான் தட்டினேன், திருப்பித் தட்டிட்டாங்க. வந்துருவாங்க’ன்னு சொன்னான். அப்புறம் லைன் கட் ஆயிடுச்சு. நீங்க ஏன் அக்கா வரல?”



“நான் கம்பெனியிலதான இருந்தேன், ரஞ்சன். வீடு பூட்டிக் கிடந்துச்சு. சாவி என் இடுப்புல.”

“இல்ல அக்கா. போன்ல எனக்கே கேட்டுச்சு. மூணு தடவ. கையால தட்டுற சத்தம் இல்ல...”

ரஞ்சன் அந்தக் காலி டம்ளரைத் தரையில் மூன்று தடவை தட்டிக் காட்டினான்.

டங். டங். டங்.