நத்தைக்கு ஓய்வு தேவை

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது அவள் வேலை. ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனாலும் போட்டுக்கொள்பவருக்குத் தலை சுற்றும். இருபத்தாறு வருடம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துப் பார்த்து, வெளியிலும் அந்தக் கண் போகவில்லை. கல்யாணப் பத்திரிகை வந்தால் இவளுக்கு மாப்பிள்ளை பெயர் மனதில் நிற்காது, ஒற்று விட்டுப்போன இடம் நிற்கும் என்று கணவர் வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

செய்தித்தாளில் தினமும் வரும் குறுக்கெழுத்துதான் அவளுக்குக் காலைக் காப்பிக்குத் துணை. நேரடியாகப் பொருள் கேட்கும் குறுக்கெழுத்து இல்லை அது. குறிப்பு எதையோ பேசுவது போலிருக்கும்; உள்ளே ஒரு சொல் விளையாட்டும் விடையின் பொருளும் ஒளிந்திருக்கும். "தலை போன கவலையால் மீன் பிடிக்கலாம் (2)" என்று ஒருநாள் வந்தது. கவலையின் முதலெழுத்தை எடுத்தால் வலை, இரண்டெழுத்து. அன்று முழுக்கக் கடையில் தானாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அதை எழுதியவர் நத்தை. புனைபெயர்தான், முகம் யாருக்கும் தெரியாது. கட்டங்களை நிரப்பி முடித்ததும், எந்தக் குறிப்பு நன்று, எது சொதப்பல் என்று ஓர் இணையப் பக்கத்தில் அவள் விமர்சனம் எழுதுவாள். படிப்பவர்கள் நாற்பது பேர் இருந்தால் அதிகம். பாராட்டுவதில் கை இறுக்கம். அதனால் அங்கே அவள் பெயர் கறார் அக்கா. அந்தப் பட்டத்தில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

ஒன்பதாவது வருடத்தில் நத்தை தடுமாறத் தொடங்கினார். மூன்றெழுத்துச் சொல்லுக்கு நான்கு கட்டம் கொடுத்தார். திங்கட்கிழமை வந்த குறிப்பு வியாழக்கிழமை அப்படியே வந்தது. ஒருநாள் சொல் விளையாட்டே இல்லாமல் "மழை பெய்கிறது (3)" என்று மட்டும் இருந்தது. அவள் நாள்வாரியாகப் பட்டியல் போட்டு, மேலே தலைப்பு வைத்தாள்: நத்தைக்கு ஓய்வு தேவை. நாற்பது பேரும் கைதட்டினார்கள். யாரோ அதைப் பத்திரிகைக்கு அனுப்பிவைத்தார்கள். அடுத்த ஞாயிறே, வாசகர்களின் கருத்தை ஏற்று இனி வேறொருவர் புதிரை எழுதுவார் என்று இரண்டு வரி வந்தது.

பத்து நாள் கழித்து, இணையப் பக்கத்தில் கொடுத்திருந்த அவள் முகவரிக்கு ஒரு கடிதம் வந்தது. நத்தையின் மகள் எழுதியிருந்தாள். அப்பாவுக்கு மறதி நோய், மூன்று வருடமாகிறது. தினமும் அவர் எழுதியதைத் தானே திருத்தி அனுப்பிவந்ததாகவும், கடைசி இரண்டு மாதம் தனக்கே ஆபரேஷன் ஆகிப் படுத்துவிட்டதால் முடியவில்லை என்றும் சொல்லியிருந்தாள். கோபமாக ஒரு சொல் இல்லை. கடிதத்தில் ஒரு பிழைகூட இல்லை.

மறுநாளே அவள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பத்திரிகை அலுவலகத்துக்குப் போனாள். நத்தையே எழுதட்டும், தான் திருத்தித் தருவதாக இணைப்பிதழ் ஆசிரியரிடம் கெஞ்சினாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மேடம், அந்தத் தலைப்பு நீங்க வச்சதுதானே?" என்றார். புது ஆளோடு ஒப்பந்தம் முடிந்துவிட்டதாம். வெளியே வந்ததும் இணையப் பக்கத்திலிருந்து அந்தப் பட்டியலை எடுத்தாள். எடுத்து என்ன பயன்?

சனிக்கிழமை, கடிதத்திலிருந்த முகவரியைப் பார்த்து நத்தையின் வீட்டுக்குப் போனாள். மூன்றாவது மாடியில் இரண்டு அறை. அடிவயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மகள் கதவைத் திறந்தாள். மன்னிப்புக் கேட்க மனப்பாடம் செய்துவந்ததை இவள் சொல்லத் தொடங்கினாள்.

"நீங்க எழுதினது தப்பில்லக்கா," என்றாள் மகள். "தப்பா இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

நத்தை ஜன்னலோர மேசையில் அளவுகோலும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தார். புதிர் நின்றுபோனது அவருக்குத் தெரியாது. தினமும் ஒன்று எழுதி மகளிடம் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். வந்தவளைப் பத்திரிகை ஆள் என்று நினைத்து, கையிலிருந்த தாளை நீட்டினார். கோடுகள் நூல் பிடித்தாற்போல் இருந்தன. எழுத்துகள்தான் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. ஒரேயொரு குறிப்பில் அவள் கண் நின்றது: "அடுப்படியில் இருப்பவள் யார்? (3)"

உள்ளே மகள் டம்ளர் கழுவும் சத்தம் கேட்டது. இவள் பென்சிலை வாங்கி, மகள் என்று எழுதப்போனாள். நத்தை மெதுவாக அவள் கையைத் தடுத்தார்.

"இல்லம்மா. முதல் எழுத்து ந. மேலருந்து வருது பாருங்க."

பார்த்தாள். மேலிருந்து கீழே இறங்கிய நகரம் என்ற சொல்லின் முதலெழுத்து அந்தக் கட்டத்தில்தான் இருந்தது.

"நர்ஸ்," என்றார் அவர். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நல்ல பொண்ணு. ராத்திரி பகல்னு பாக்காம பாத்துக்குது. யார் பெத்த புள்ளையோ," என்றார்.

மூன்று எழுத்து. கட்டத்தில் கச்சிதமாக விழுந்தது. அந்தத் தாளில் சரியாக இருந்தது அது ஒன்றுதான். மகள் காப்பியோடு வாசலில் நின்றிருந்தாள்; கேட்டிருக்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது. புதிதாகக் கேட்டதல்ல என்பதும் தெரிந்தது.

அதன்பிறகு ஏழெட்டுச் சனிக்கிழமை போனாள். அவர் நீட்டும் தாளை வாங்கிக்கொள்வாள், நன்றாயிருக்கிறது என்பாள். நாக்கு கூசும். ஒரு வாரம் கட்டம் மட்டும் இருந்தது, குறிப்பு இல்லை. பிறகு கோடுகளும் கோணின. மகளுக்கு ஆபரேஷன் செய்த இடத்தில் குடல் இறங்கி மறுபடி ஆஸ்பத்திரி என்றானதும், அவரை ஒரு காப்பகத்தில் சேர்த்தார்கள். அங்கே பென்சில் கொடுப்பதில்லை, கூராக இருக்கிறதாம். இவள் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாமா என்று கணவரிடம் கேட்டாள். அவர் வீட்டின் ஒரே அறையைச் சுற்றிப் பார்த்தார். அவளும் பார்த்தாள்.

நாலே மாதத்தில் நத்தை போய்ச் சேர்ந்தார்.

புது ஆள் கெட்டிக்காரர். குறிப்புகளில் குறை சொல்ல இடமே வைப்பதில்லை. சேதி வந்த அன்றும் அவள் கட்டங்களை நிரப்பினாள், விமர்சனம் எழுதினாள். அதன் கீழே, நத்தை நேற்றுக் காலமானார் என்றும், ஓய்வு தேவை என்று தான் எழுதியிருக்கக் கூடாது என்றும் இரண்டு வரி சேர்த்தாள். கடைக்குப் போய்விட்டு மாலையில் வந்து பார்த்தாள். பதினொரு பேர் பின்னூட்டம் போட்டிருந்தார்கள். பதினொன்றும், மேலிருந்து கீழ் ஏழாவது குறிப்பு எவ்வளவு பிரமாதம் என்பதைப் பற்றி.