கண்ணாடிக்குள் காந்தம் வளர்க்கக் காஞ்சிக்குப் போனேன்

காஞ்சிபுரத்துக்குப் பட்டு வாங்கப் போவார்கள், சாமி கும்பிடப் போவார்கள். 1974-இல் நான் அங்கே போனது ஓர் உலைக்காக. சென்னையில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். இரும்பு கலந்த கண்ணாடியைச் சூடுபடுத்தி, அதற்குள்ளேயே காந்தப் படிகங்களை வளர்ப்பது என் வேலை. காந்தம் வந்தால் கண்ணாடி கரியாகக் கறுத்துவிடும். தெளிவாக இருந்தால் காந்தம் வராது. இரண்டும் சேர்ந்த ஒரு துண்டைத் திங்கட்கிழமைக்குள் காட்டாவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும். அந்த நேரம் பார்த்து எங்கள் உலையின் கம்பிச்சுருள் எரிந்து போனது.

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்குப் பிராட்வேயில் பஸ். எழுபத்தைந்து கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். இறங்கியதும் சைக்கிள் ரிக்‌ஷாவுக்கு ஒரு ரூபாய். தோழி சொல்லியிருந்த காதர் பாயின் பித்தளைப் பாத்திரப் பட்டறையில், தகட்டை இளக்கும் கரி உலை ஒன்று இருந்தது. கண்ணாடித் துண்டை உள்ளே வைத்து, கொண்டுபோன வெப்பமானியின் கம்பியைப் பக்கத்தில் செருகினேன். அறுநூறு டிகிரி வேண்டும். முள் ஐந்நூறைத் தொட்டபோது மசூதியில் பாங்கு கேட்டது. பாய் கரியின் மேல் சாம்பலைத் தள்ளி உலை வாயை மூடினார்.

“பாய், இன்னும் கொஞ்ச நேரம்தான். நான் பார்த்துக்கறேனே.”

“நெருப்ப அடுத்தவங்க கையில வுட்டுட்டுப் போற பழக்கம் இல்லமா. தொழுதுட்டு வந்து ஏத்தித் தரேன். நீ போய் சாப்புடு.”

பட்டறையையும் பூட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்கு வந்த கோபத்தில் அந்த உலையே தேவைப்பட்டிருக்காது. கோயிலுக்குப் போனால் நடை சாத்தியிருந்தது. தறிச் சத்தம் கேட்கும் தெருக்களில் வெயிலோடு சுற்றினேன்.

ஒன்றரை மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் முள் ஐந்நூறிலேயே நின்றுகொண்டிருந்தது. பாய் துருத்தி போட்டு அறுநூறுக்கு ஏற்றிக் கொடுத்தார். ஆறவிட்டு வெளியே எடுத்தபோது மணி ஆறு. எதிர்வீட்டுத் தறிக்காரர் கொடுத்த பட்டிழையில் துண்டைத் தொங்கவிட்டுக் காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனேன். மெல்லத் திரும்பி ஒட்டிக்கொண்டது. வெளிச்சத்தில் பிடித்தால், பால் விடாத டீயைப் போலத் தெளிவாக இருந்தது.

“இதுக்கா காலைலேர்ந்து மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு இருந்த?” என்றார் பாய்.

திங்கட்கிழமை பேராசிரியர் என் சோதனைக் குறிப்பைப் பார்த்தார். “ஐந்நூறில் ஒன்றரை மணி நேரம் நிறுத்தியிருக்கிறாய். ஏன்?”

பஸ்ஸில் வரும்போது ஒரு காரணம் யோசித்து வைத்திருக்கலாம். தோன்றவில்லை. “வெள்ளிக்கிழமை, சார்.”

அவர் சிரிக்கவில்லை. குறைந்த சூட்டில் நின்றதால் படிக விதைகள் ஏராளமாக விழுந்திருக்கும், கூட்டம் அதிகமானதால் எதுவும் பெரிதாக வளர இடமில்லை, அதனால்தான் வெளிச்சம் தாண்டி வருகிறது என்றார். ‘நானோ’ என்ற சொல்லெல்லாம் எங்கள் வாய்க்கு வராத காலம் அது. உதவித்தொகை நீண்டது.

போகிறவர்களுக்கு: கோயில்கள் நடுப்பகலில் சாத்தியிருக்கும், காலையிலேயே பார்த்துவிடுங்கள். பட்டறைப் பக்கம் வேலை இருந்தால் வெள்ளிக்கிழமையைத் தவிர்க்கச் சொல்வார்கள். மறுபடி அதே கண்ணாடியைச் செய்ய நான் போன ஐந்து தடவையும் வெள்ளிக்கிழமைதான்.