டீசலுக்குக் கீழே நான் எழுதிய ‘ஆம்’

என்னிடம் ஒரு கட்டம் போட்ட தாள் இருக்கிறது. மடிப்புகளில் கிழிந்து, மேல் விளிம்பில் ஆணித் துளையோடு, உப்புக் காற்றில் பழுப்பேறிய தாள். பெட்ரோல், டீசல், கரி காஸ் என்று மூன்று பத்திகள். இடப்பக்கம் பன்னிரண்டு கேள்விகள். பதினொன்றை நான் கறுப்பு மையில், அளவுகோல் வைத்ததுபோல் நேராக எழுதியிருக்கிறேன். பன்னிரண்டாவது கேள்வி மட்டும் நீலப் பென்சிலில், சற்றே சாய்ந்து இருக்கிறது. அதை எழுதியவர் நர்ஸம்மா. அந்தக் கேள்விக்கு நான் எழுதிய மூன்று விடைகளில் ஒன்று அடிக்கப்பட்டிருக்கிறது.

உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில், டோல்கேட்டுக்கு அருகே ஒரு பட்டறையில் எனக்கு வேலை கிடைத்தது. இயந்திர வரைபடம் படித்துச் சான்றிதழ் வாங்கியிருந்த பெண்ணை வைத்து என்ன செய்வது என்று முதலில் அங்கே யாருக்கும் தெரியவில்லை. ராணுவம் ஏலத்தில் கழித்துவிட்ட வண்டிகளை வாங்கி, பழுது பார்த்து, வேண்டுகிறவர்களுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுப்பது பட்டறையின் தொழில். நாளடைவில், எந்த வண்டிக்கு எந்த இன்ஜின் பொருந்தும் என்று அளந்து, வரைந்து, பட்டியல் போட்டுக் கொடுப்பது என் பொறுப்பாயிற்று. பட்டியல் போடுவது எனக்குச் சிறு வயதிலிருந்தே உள்ள பழக்கம். எழுதி முடித்தால்தான் எதுவும் எனக்கு நிலைக்கு வரும்.

நர்ஸம்மா தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். போரின்போது ராணுவ ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். வண்டி ஓட்டவும் அங்கேயே கற்றுக்கொண்டார். பிறகு எண்ணூரில் ஒரு சிறு மருந்தகத்தைத் தனியாளாக நடத்தினார். முகத்துவாரத்துக்கு அப்பால் இருந்த குப்பங்களுக்குப் பிரசவம் பார்க்கப் போவதென்றால் படகு, பிறகு மணலில் நடை. சிக்கலான பிரசவம் என்றால் அதே வழியாகப் பெண்ணைத் தூக்கி வந்து, மாட்டு வண்டியில் ராயபுரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த வழியில் இரண்டு பெண்களைப் பறிகொடுத்திருந்தார். மருந்தகத்துக்கு உதவும் சிலர் பணம் திரட்டித் தர, நான்கு சக்கரமும் இழுக்கும் ஒரு சிறிய ராணுவ வண்டியை எங்கள் பட்டறையில் பார்த்து வைத்தார். அதன் இன்ஜின் தேய்ந்துபோயிருந்தது. மாற்று இன்ஜின் எது என்பதுதான் கேள்வி.

பட்டறை மேஸ்திரிக்குக் கரி காஸ் என்றாலே பிடிக்காது. பெட்ரோல் தட்டுப்பாட்டில் எத்தனையோ வண்டிகளின் முதுகில், கரியை எரித்து வரும் வாயுவில் இன்ஜினை ஓட்டும் அந்த உலையை அவரே பொருத்தியிருந்தார். “கரி காஸா?” என்று நர்ஸம்மாவைப் பார்த்துச் சிரித்தார். “நீ உலைய மூட்டி, விசிறிகினு குந்தினு இருப்பே. வண்டி கெளம்பறதுக்குள்ள அந்தப் பொண்ணு புள்ளயப் பெத்து பேரும் வெச்சிடும், நர்ஸம்மா.”

“பேரு வைக்கிற அளவுக்கு நல்லாப் பெத்துட்டா நான் எதுக்கு மேஸ்திரி போகப் போறேன்?” என்றார் நர்ஸம்மா.

நான் இரண்டு நாள் உட்கார்ந்து தாளை எழுதினேன். பெட்ரோல் இன்ஜின் எடை குறைவு, மணலில் புதையாது. ஆனால் ரேஷன் கூப்பனுக்கு அலைய வேண்டும். அதோடு முகத்துவாரத்தை மணல் அடைக்கும் மாதங்களில் முழங்கால் தண்ணீரில் வண்டியை இறக்கிக் கடக்கலாம் என்றாலும், பொறி தரும் கம்பிகள் நனைந்தால் நடுத்தண்ணீரில் நின்றுவிடும். கரி காஸில் கரி எங்கும் கிடைக்கும். இழுவையோ மூன்றில் இரண்டு பங்குதான். டீசல் இன்ஜின் இரண்டு ஆள் எடை கூடுதல், சத்தமும் கூடுதல். ஆனால் அதற்குப் பொறியே தேவையில்லை, தண்ணீரில் நிற்காது. டீசல் என்று கடைசியில் கோடிட்டுக் காட்டினேன். நர்ஸம்மா தாளை மேலிருந்து கீழே நிதானமாகப் படித்தார்.

“எல்லாம் எழுதிருக்க, பிள்ள. நான் ஒருத்தியா இதைக் கிளப்ப முடியுமான்னு எங்க எழுதிருக்க? காணலியே.”

என் மேசையிலிருந்த நீலப் பென்சிலை எடுத்து அவரே எழுதினார். பெட்ரோலுக்குக் கீழே ‘ஆம்’ என்று எழுதினேன். கரி காஸுக்கு ‘ஆம், இருபது நிமிடம்’. டீசலைக் கையால் சுற்றிக் கிளப்ப ஒல்லியான அவர் உடம்புக்கு வலு போதாது என்று தெரியும். ஆனால் பேட்டரியும் செல்ஃப் ஸ்டார்ட்டரும் வைக்கப் போகிறோமே. ‘ஆம்’ என்று எழுதினேன். மற்ற இரண்டையும் போலவே அழகாக.

டீசல் பொருத்தி வண்டியைக் கொடுத்து நான்கு மாதம் கழித்து, அது எப்படி இருக்கிறது என்று பார்த்துவர எண்ணூருக்குப் போனேன். நான் போய் இறங்கியபோதே அக்கரைக் குப்பத்திலிருந்து ஆள் வந்திருந்தது. ஒரு வலைக்காரரின் மனைவிக்கு முந்தின நாளிலிருந்து வலி; பிள்ளை இறங்கவில்லை. நானும் ஏறிக்கொண்டேன். கிளம்பும்போது ஸ்டார்ட்டர் முனகியது. மூடியைத் திறந்து பார்த்தபோது பேட்டரியின் முனைகளில் உப்பு பச்சையாகப் பூத்திருந்தது. என் குறிப்பேட்டில், ‘பேட்டரி முனைகள் — அடுத்த வாரம் சுத்தம் செய்ய’ என்று எழுதிக்கொண்டேன். எழுதிவிட்டதாலேயே அந்த வேலை முடிந்துவிட்டதுபோல் ஒரு நிம்மதி எனக்கு வந்தது. அந்த நிம்மதியை இன்று நினைத்தாலும் கூசுகிறது.

வண்டி முகத்துவாரத்தை நான் சொன்னபடியே கடந்தது. தண்ணீர் இன்ஜினின் பாதி வரை ஏறியும் அது சட்டை செய்யவில்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. குடிசை வாசலில் நிறுத்தியதும், இன்ஜினை அணைக்க வேண்டாம், ஓடிக்கொண்டே இருக்கட்டும் என்று நான்தான் சொன்னேன். நர்ஸம்மா உள்ளே போனார். ஒரு நிமிடத்துக்குள் வெளியே தலை நீட்டினார். கையில், பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்கும் மரக்குழல்.

“ஏளா, அதை அணை. குடிசையே அதிருது. எனக்கு ஒண்ணும் கேக்கல.”

அணைத்தேன். கடலின் ஓசை மட்டும் மிஞ்சியது. உள்ளே அவர் வெகுநேரம் காதை வைத்திருந்தார். குழலை இடம் மாற்றினார், மறுபடி மாற்றினார். பிறகு அந்தப் பெண்ணின் வயிற்றைப் புடவையால் மூடிவிட்டு வெளியே வந்து, “பிள்ளை இல்லை. தாயக் கொண்டு போயிரணும், உடனே” என்றார்.

ஸ்டார்ட்டர் ஒருமுறை முனகியது. இரண்டாம் முறை ‘டிக்’ என்றது. பிறகு அதுவும் இல்லை. கைப்பிடியை மாட்டி இருவரும் சேர்ந்து சுற்றினோம். அது பின்னோக்கி உதைத்து என் மணிக்கட்டில் அடித்தது. நர்ஸம்மா கைப்பிடியை விட்டார். நேரே கரைக்கு நடந்தார். அங்கே ஆணும் பெண்ணுமாக முப்பது பேர் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலை பாதி வந்திருந்தது.

“இன்னா நர்ஸம்மா, ஒன் யானை படுத்துக்கிச்சா?” என்றாள் கயிற்றின் முன்னால் நின்ற வாட்டசாட்டமான பெண்.

“ஆமா. உள்ள உங்க பொண்ணு படுத்துக் கிடக்கா. எனக்குக் கயிறும் ஆளும் வேணும்.”

வலையில் மீன் துள்ளுவது கரையிலிருந்தே தெரிந்தது. கயிற்றை விட்டால் வலை சரிந்து அத்தனையும் போய்விடும். கிழவர் ஒருவர் வாயைத் திறந்தார். அந்தப் பெண் அவரைப் பேச விடவில்லை. “மீனு நாளிக்கும் வரும் நைனா. வுடு கயித்த!”

உள்ளே கிடந்தவளைப் பாயோடு தூக்கி வண்டியில் கிடத்தினார்கள். வண்டியை அலை நனைத்த கெட்டி மணலுக்குத் தள்ளி, முன்னால் வலைக் கயிற்றை வெட்டி வந்து கட்டினார்கள். நர்ஸம்மா ஓட்டும் இடத்தில் உட்கார்ந்தார். இன்ஜினுக்குள் காற்று இறுகாமல் திறந்து வைக்கும் நெம்புகோலைப் பிடித்தபடி நான் படியில் நின்றேன். வேகம் வந்ததும் அதை விட வேண்டும். அதற்கு முன்பே விட்டால் வண்டி நின்றுபோகும். “இஸ்த்துக்கோ! இஸ்த்துக்கோ!” என்று ஒரே குரலாக இழுத்தார்கள். முதலில் நடை, பிறகு ஓட்டம். எந்தக் கணத்தில் விடுவது என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. அவர்கள் குரல் உச்சிக்கு ஏறியபோது விட்டேன். இன்ஜின் இருமியது, இன்னொரு முறை இருமியது, பிடித்துக்கொண்டது. கயிற்றைக் கழற்றிவிட்டு எல்லோரும் மூச்சு வாங்கியபடி மணலில் உட்கார்ந்ததைத் திரும்பிப் பார்த்தேன். கடலில் வலையைக் காணவில்லை.

தாய் பிழைத்தாள். ராயபுரத்தில் அவளை உள்ளே கொண்டுபோன பிறகு, என் வீங்கிய மணிக்கட்டுக்குக் கட்டுப் போட்டபடி நர்ஸம்மா சொன்னார்: “பிள்ளை நாம போறதுக்கு முந்தியே போயிட்டு. அதை உன் கணக்குல எழுதிக்காத. பேட்டரியை எழுதிக்கோ.” மறுநாள் முதல் வேலையாக முனைகளைச் சுத்தம் செய்து கிரீஸ் தடவினேன்.

பெட்ரோல் இன்ஜினாக இருந்திருந்தால் அவர் கையாலேயே சுற்றிக் கிளப்பியிருப்பார். ஆனால் அது அக்கரைக்குப் போய்ச் சேர்ந்திருக்குமா என்பது சந்தேகமே. இதைப் பலவிதமாக எழுதிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் டீசலில்தான் போய் முடிகிறது. ஒவ்வொரு முறையும் மனம் அங்கே நிற்க மறுக்கிறது.

இப்போது நான் வேறு கம்பெனியில் இருக்கிறேன். எனக்குக் கீழே இரண்டு பேர் வரைகிறார்கள். சென்ற வாரம் மலைப்பகுதி மருத்துவ வண்டி ஒன்றுக்கு இன்ஜின் தேர்ந்தெடுக்கும் வேலை வந்தது. முதல் கேள்வியாக, யார் கிளப்பப் போகிறார்கள் என்று எழுதினேன். அவர்களை நேரில் பார்க்காமல் விடை எழுத மாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன். அன்று மாலை பழைய தாளை எடுத்துப் பார்த்தேன். நர்ஸம்மா எண்ணூரை விட்டுத் தென்பக்கம் போனபோது, மருந்தகச் சுவரிலிருந்து ஆணியோடு பிடுங்கி என்னிடம் கொடுத்துவிட்டுப் போனது. டீசலுக்குக் கீழே நான் அழகாக எழுதிய ‘ஆம்’ ஒரே கோட்டில் அடிக்கப்பட்டிருக்கிறது. அங்கே ‘இல்லை’ என்று அவர் எழுதவில்லை. நீலப் பென்சிலில், சற்றே சாய்ந்து, ‘முப்பது பேர் வேணும். இருக்காங்க’ என்று எழுதியிருக்கிறார்.