ஆயுத பூஜைக்குக் கழுவிய எஞ்சின்

பூஜைக்கு முந்தின நாள் விமானத்தின் எஞ்சின் மூடியைத் திறந்து, ரப்பர் குழாயால் தண்ணீர் பீய்ச்சிக் கழுவியது நான்தான். முன்பு வேலை பார்த்த கம்பெனியில் கம்ப்ரசரை அப்படித்தான் கழுவுவோம். அந்தக் கம்பெனி மூடிய பிறகு, ஓசூருக்கு வெளியே ஒரு தனியார் விமானக் கொட்டகையில் உதவியாளாகச் சேர்ந்திருந்தேன். நான்கு பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்று. அதை நம்பி நாங்கள் மூன்று பேர்.

பூஜை முடிந்து எஞ்சினை ஓடவிட்டபோது ஆயில் பிரஷர் முள் பச்சைக் கோட்டில்தான் நின்றது. எஞ்சின் சூடேறச் சூடேற இறங்கி, பச்சைக்குக் கீழே போய்விட்டது. இன்ஜினியர் உடனே நிறுத்தினார். அவர் பெங்களூரிலிருந்து வந்துபோகிற கன்னடக்காரர்.

"யாருப்பா எஞ்சின்ல தண்ணி ஊத்துனது?"

நான் தரையைப் பார்த்தேன். திருநெல்வேலிக்கார மெக்கானிக்தான் பதில் சொன்னார். "அண்ணாச்சிதான் சார். எருமையக் குளிப்பாட்டுத மாதிரி தேச்சுத் தேச்சுக் குளிப்பாட்டுனாவ."

"சென்சாருக்குள்ள தண்ணி பூந்திருக்கும். முள்ளு பொய் சொல்லுது. பூஜை பண்றீங்களா, கொலை பண்றீங்களா?"

எஞ்சினுக்கு இன்னொரு பெரிய ரிப்பேர் வந்தால் விமானத்தை விற்றுவிடுவதாக முதலாளி ஏற்கெனவே சொல்லியிருந்தார். தப்பு என்னுடையது என்றால் எங்களுக்கு வேலை இருக்கும். எஞ்சினுடையது என்றால் இருக்காது. நாற்பதை நெருங்கியவனை சிப்காட்டில் எந்தக் கம்பெனியும் எடுக்காது. திட்டு வாங்கிக்கொண்டே, என் தப்பாகவே இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆயில் அளவு சரியாக இருந்தது. சென்சாரின் ஒயர் முனையைத் துடைத்து அன்று முழுவதும் வெயிலில் காயவிட்டோம். சாயங்காலம் வீட்டில் சொன்னபோது மனைவி, "உங்க மேல தப்பு இருக்கக் கூடாதுங்க. கற்பூரம் ஏத்தறேன்னு வேண்டிக்கறேன்" என்றாள்.

மறுநாளும் முள் அதேபோல் இறங்கியது. இன்ஜினியர் சென்சாரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் தண்ணீர் படாத வேறொரு மீட்டரை மாட்டினார். எஞ்சின் சூடேறியதும் அதன் முள்ளும் இறங்கியது. அதுவரை விசில் அடித்துக்கொண்டிருந்த மெக்கானிக் அதை நிறுத்தினார். பிரஷரைக் கட்டுப்படுத்தும் வால்வில் தூசி அடைத்திருந்தாலும் இறங்குமாம். அதைக் கழற்றிப் பார்த்தோம். சுத்தமாக இருந்தது.

கடைசியாக ஆயில் ஃபில்டரை அறுத்து, உள்ளே மடிப்பு மடிப்பாக இருந்த தாளைப் பெட்ரோலில் அலசி, வெள்ளைத் துணியில் வடிகட்டினார்கள். துணியில் ஜிகினா தூவியதுபோல் மினுமினுத்தது. மெக்கானிக் காந்தத்தை வைத்துப் பார்த்தார்.

"ஒட்டலையே சார். அப்போ ஒண்ணுமில்லல்லா?"

"இரும்பா இருந்தா ஒட்டும். இது பேரிங் மேல இருக்கற பூச்சு. உள்ள பேரிங் தேஞ்சு போச்சு. எஞ்சினையே பிரிக்கணும்."

இன்ஜினியர் என் பக்கம் திரும்பி, குரலைத் தணித்து, "உங்க தண்ணியால இல்ல. முள்ளு சரியாத்தான் காட்டியிருக்கு" என்றார்.

"தப்பிச்சிட்டீய அண்ணாச்சி" என்றார் மெக்கானிக், பழக்கத்தில்.

நான் தலையாட்டினேன். துக்கமாகவும் இல்லை, நிம்மதியாகவும் இல்லை. புரொப்பல்லரில் நான் வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து வெடித்திருந்தது. இன்ஜினியர் முதலாளிக்குப் போன் செய்ய வெளியே போனார். ஜன்னல் கண்ணாடி வழியே அவர் பேசுவது தெரிந்தது, கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவும் இல்லை. கழற்றிய போல்ட்டுகளைத் துடைத்துத் தட்டில் வரிசையாக வைத்தேன்.

வீட்டு வாசலிலேயே மனைவி கேட்டாள். "இன்னாங்க ஆச்சி? தப்பு உங்க மேல இல்லைன்னு தெரிஞ்சிடுச்சா?"

"தெரிஞ்சிடுச்சி."

"அப்பாடா! நான் வேண்டினது வீண் போகல" என்று உள்ளே ஓடினாள். மற்றதைச் சொல்ல நானும் பின்னால் போனேன். அதற்குள் கற்பூரத்தை ஏற்றித் தட்டோடு திரும்பிவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

"கண்ணுல ஒத்திக்கங்க" என்றாள்.

ஒற்றிக்கொண்டேன்.