விதைக்கு ஒதுக்கிய தகடு

முதலாளி பழனிசாமி, கிரைண்டரின் மேல்மூடி ஒன்றை என் மேஜைமேல் வைத்தார். அதில் இருந்த கோடுகளை அழுக்கு என்று நினைத்துத் துணியால் துடைத்தேன். போகவில்லை. மணலில் தண்ணீர் ஓடிக் காய்ந்த தடம் போல இருந்தன. பெயின்ட் அடித்தாலும் தெரியும்.

கோவை கணபதிப் பக்கம், இரும்புத் தகட்டை டை என்கிற அச்சில் வைத்து, பிரஸ்ஸில் அடித்து மூடிகள் செய்யும் கம்பெனி அது. சோதனைக்கூடம் என் பொறுப்பு.

"டைதான் குறைங்கம்மணி. ஜோசப் ஒழுங்கா பாலிஷ் போடலைங்க. அப்படியே ரிப்போர்ட் எழுதிப்போடுங்க, டையைத் திருப்பி அனுப்பிப்போடலாம்" என்றார் முதலாளி.

ஜோசப் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுச் சொந்தப் பட்டறை போட்டுச் செய்த முதல் பெரிய டை அது. திரும்பிப் போனால் அவரிடம் வேறு யாரும் வேலை கொடுக்க மாட்டார்கள். நம் ஊரில் இந்த மாதிரிச் செய்தி, டை ஏற்றிய டெம்போவுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும்.

"டையைத் தடவித் தடவி என் விரல் ரேகையே தேஞ்சுபோச்சுங்க மேடம். என்ன தப்புன்னு தெரியலீங்களே" என்றார் ஜோசப். எனக்கு மட்டும் தெரிந்ததா என்ன?

டையில் கீறல் என்றால் எல்லா மூடியிலும் ஒரே இடத்தில் விழ வேண்டும். இந்தக் கோடுகள் மூடிக்கு மூடி இடம் மாறின. அப்படியானால் தகடா? கெமிஸ்ட்ரி சரி. ஹார்ட்னெஸ் சரி. மைக்ராஸ்கோப்பில் கிரெயின்கள் எல்லாம் ஒரே அளவில் லட்சணமாக உட்கார்ந்திருந்தன. இரும்பு என்பது ஒரே கட்டி இல்லை; இப்படிக் கண்ணுக்குத் தெரியாத கிரெயின்கள் நெருக்கியடித்து நிற்பதுதான்.

ஒரு துண்டைக் கண்ணாடி போல பாலிஷ் போட்டு, இழுவை மெஷினில் கொஞ்சம் இழுத்து, திரும்பப் பார்த்தேன். ஒரு கிரெயின் முழுக்க வழுக்கிய கோடுகள். ஒட்டி நின்ற கிரெயினில் ஒன்றுமே இல்லை. ஒரு வீட்டில் கல்யாணக் கூட்டம், பக்கத்து வீட்டில் ஆளரவமே இல்லை. இன்னும் இழுத்தால், நெளிந்த கூட்டமே மேலும் நெளிந்து பட்டையாகப் பரவியது. மெஷினின் கிராஃப் வேறு நேராக ஏறி, சட்டென்று இறங்கி, தள்ளாடியபடி போனது. இதே லோடு வந்து இறங்கிய அன்று நானே இழுத்துப் பார்த்திருக்கிறேன். அன்று இப்படி இறங்கவில்லை. யாரும் தொடாத தகடு எப்படி மாறும்?

அதே டையில், அன்று காலை வந்த தகட்டை அடிக்கச் சொன்னேன். மூடி பளிச்சென்று வந்தது.

"பாத்தீங்களா, ரகசியமா டையைத் தேச்சுப்போட்டாரு" என்றார் முதலாளி. உடனே பழைய தகட்டை அடித்தோம். மறுபடியும் கோடு.

"இந்தத் தகடு எங்கேங்க இருந்தது?" என்று கேட்டேன்.

முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் போட்ட குடும்பம். "நல்ல கிழங்கை விதைக்கு ஒதுக்கற மாதிரிங்க. ஒவ்வொரு லோடுலயும் நல்ல தகடாப் பாத்து, பெரிய ஆர்டருக்குன்னு எடுத்து வெச்சுப்போடுவேன். எண்ணெய் தடவி, தார்ப்பாய் போத்தி பல மாசமா இருக்குதுங்க. ஒரு பொட்டுத் துரு இருக்குதுங்களா, பாருங்க!"

துரு இல்லைதான். காத்திருந்ததே வினை. தகடு செய்யும் மில்லில் கடைசியாக உருளைகளுக்கு நடுவே லேசாக அழுத்தி, கிரெயின்களை வழுக்கத் தயாராக அனுப்புகிறார்கள். மாதக்கணக்கில் கிடந்தால், இரும்புக்குள் இருக்கும் துளியளவு கார்பனும் நைட்ரஜனும் ஊர்ந்து போய் அந்த வழுக்கும் இடங்களைப் பூட்டிவிடுகின்றன. பிரஸ் அமுக்கும்போது எந்த இடத்தில் பூட்டு முதலில் உடைகிறதோ, அங்கேயே எல்லா நெளிவும் குவிகிறது. அதுதான் கோடு.

"சும்மா கெடந்ததுக்காங்க கெட்டுப்போச்சு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். புரிந்ததா என்று இன்றும் எனக்குத் தெரியாது. பூட்டுகள் மொத்தமாக உடையட்டும் என்று மிச்சத் தகடுகளை லெவலர் உருளைகளில் வளைத்து நிமிர்த்தி, மறுபடி பூட்டிக்கொள்ளும் முன் அன்றைக்கே அடிக்க வைத்தேன். கோடு வரவில்லை.

அவர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "ஏனுங்க ஜோசப், சாப்டீங்களா? வாங்க, டீ குடிக்கலாம்" என்று தன் அறைக்குக் கூப்பிட்டார். இரண்டு பேரும் சேர்ந்து உள்ளே போவதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த ரிப்போர்ட்டில் நான் கையெழுத்துப் போட்டிருந்தால்?

எத்தனையோ வருஷம் மைக்ராஸ்கோப் பார்த்தாயிற்று. எந்த கிரெயின் முதலில் நெளியும் என்று கேட்டால் இன்றும் விழிக்கிறேன். ஆனால் கோடு விழுந்த மூடியை யாராவது கொண்டுவந்தால், முதலில் தகட்டின் வயதைக் கேட்கிறேன். டை செய்தவர் பெயரை அதற்கு அப்புறம்தான் கேட்பேன்.